ஒரே வருஷம், ஐந்து ரெக்கார்டு, ஓயாத சண்டை

இரண்டு ஜாஸ் ரசிகர்கள் ஓர் ஆல்பத்தைப் பற்றி ஒரே கருத்து சொன்னால், அவர்களில் ஒருவர் அதைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். கிரிக்கெட், அரசியல், சினிமா எதிலும் இல்லாத அளவுக்கு இதில் சண்டை உண்டு. அதுவும் என்ன மாதிரிச் சண்டை! அறுபது சொச்சம் வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் யாரோ ஊதிய ஒன்பது நிமிஷத்தைப் பற்றி, இன்றைக்கு ஒரு பாங்க்கில் லோன் செக்‌ஷன் பார்க்கிற மனிதர் ரத்தக்கொதிப்பு ஏற, "அதெப்படி சார் நீங்க அப்படிச் சொல்லலாம்?" என்று நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். அவர் பாஸ் பங்கு பங்காகத் திட்டும்போதுகூட அவர் எழுந்து நின்றதில்லை.

நாங்கள் நாலு பேர். லோன் செக்‌ஷன்காரர், சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு இப்போது இன்ஷூரன்ஸ் ஃபைல் தட்டுகிற ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி, அப்புறம் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற அடியேன். மாதம் ஒரு சனிக்கிழமை, ஓர் ஆல்பம். செல்போன் மூச்! ஒரு பக்கம் முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்தபின் யாரும் வாயை மூடுவதில்லை.

(ஜப்பானில் 'ஜாஸ் கிஸ்ஸா' என்று காப்பிக் கடைகள் இருக்கின்றன. வெளிநாட்டு எல்.பி. வாங்க வசதி இல்லாத காலத்தில், ஒரு காப்பி காசுக்கு நல்ல ரெக்கார்டு கேட்க வழி. யோகோஹாமாவில் 'சிகுஸா' என்ற கடை 1933-லேயே வந்துவிட்டது. எழுத்தாளர் ஹாருகி முராகாமிகூட 1974-லிருந்து டோக்கியோவில் ஒரு ஜாஸ் கடை நடத்தியவர்தான். சில கடைகளில் பேசவே கூடாதாம். எங்கள் லோன் செக்‌ஷன்காரரை அங்கே கூட்டிப்போனால் அரை மணியில் வெளியே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.)

கொஞ்ச காலமாக எங்கள் சண்டையெல்லாம் ஒரே வருஷத்தைப் பற்றி. 1959. அந்த ஒரு வருஷத்தில் பதிவான ஐந்து ஆல்பங்களை வைத்துக்கொண்டு இன்றைக்கும் உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். அதில் மூன்று ஒரே அறையில் பதிவானவை: நியூயார்க் முப்பதாவது தெருவில் இருந்த கொலம்பியா கம்பெனி ஸ்டூடியோ. முன்னே ஆர்மீனியர்களின் தேவாலயமாக இருந்த கட்டிடம். உயரமான கூரை, அதனால்தானோ என்னவோ, ட்ரம்பெட் ஊதினால் ஒலி ஒரு கணம் மேலே போய் யோசித்துவிட்டுக் கீழே இறங்குகிறது. 1981-ல் அதை மூடி, அப்புறம் இடித்தே விட்டார்கள்.

ஜாஸ் கேட்டிராதவர்களுக்கு இரண்டு வரி. முதலில் ஒரு மெட்டை எல்லோரும் வாசிப்பார்கள். அப்புறம் அந்த மெட்டின் அடியில் ஓடுகிற கார்ட்களை, அதாவது மூன்று நாலு ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துகிற கொத்துகளை, பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக மனம் போனபடி கற்பனை செய்வார்கள். கடைசியில் மறுபடி மெட்டு. பல்லவி எடுத்து, கல்பனாஸ்வரம் பாடி, பல்லவிக்குத் திரும்புகிற நம்ம ஊர் சமாசாரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவானது. ஒத்திகை கிடையாது. மைல்ஸ் குறிப்புகளை மட்டும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதுவரை ஜாஸ்காரர்கள் கார்ட்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். நிமிஷத்துக்கு நூறு கார்ட், யார் வேகம் என்று போட்டி. மைல்ஸ், "போதும், ஒரே ஸ்கேலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்போம்" என்கிற மாதிரி எல்லாவற்றையும் குறைத்துவிட்டார். முதல் உருப்படி 'ஸோ வாட்'. அதன் ஸ்கேலை நம்ம மிருதங்க நண்பர் ஹார்மோனியத்தில் வாசித்துக் காட்டினார். கரகரப்ரியாவின் அதே ஏழு ஸ்வரங்கள்! பதினாறு பார் அதில் இருந்துவிட்டு, எட்டு பாருக்கு அரைக் கட்டை ஏறி, மறுபடி எட்டு பாருக்கு இறங்கிவிடுகிறது. அவ்வளவுதான் கட்டுமானம். கமகம் கிமகம் ஒன்றும் இல்லை, ஆகவே ராகம் என்று சொல்லக் கூடாது என்று அவரே எச்சரித்தார். சொல்லவில்லை.

இந்த ஆல்பத்தில் ஒரு வேடிக்கை. மார்ச் 2-ம் தேதி டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டு ரெக்கார்டு அடித்ததால், முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் வாசித்ததைவிடச் சற்றே வேகமாக, சற்றே தூக்கலான சுருதியில் வெளியாகிவிட்டன. கூடவே வாசித்துப் பழகிய வித்வான்கள் எல்லாம் தங்கள் பியானோவைச் சந்தேகித்திருப்பார்கள். 1992-ல்தான் சரிசெய்த பதிப்பு வந்தது. லோன் செக்‌ஷன்காரரிடம் இருப்பது பழைய எல்.பி. "முப்பத்து மூணு வருஷம் உலகமே கேட்டு அழுதது இதைத்தான் சார். திருத்தினதை நீங்களே வெச்சுக்குங்க" என்கிறார். தம்பிக்குத் திருத்தியதுதான் உண்மை. மற்றது மெஷின் கோளாறு. நான் பழைய கட்சி. தப்பான சுருதியாக இருந்தாலும் பழகின சுருதி.

பி.காம். படித்தவனுக்கு எங்கே போனாலும் கணக்குதான் முதலில் கண்ணில் படும். 'ப்ளூ இன் க்ரீன்' என்று ஓர் உருப்படி. ஐந்தரை நிமிஷம், மழை விட்ட பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி. போட்டது மைல்ஸ் என்று அச்சாகியிருக்கிறது. பியானோ வாசித்த பில் எவன்ஸ், அது என் உருப்படி என்று சொல்லிவந்தார். ராயல்டியில் தனக்கும் பங்கு உண்டே என்று மைல்ஸிடம் கேட்டபோது 25 டாலருக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தாராம். அந்த ஆல்பம் 2019 கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதி தாண்டிவிட்டது. வகுத்துப் பார்க்காதீர்கள், வயிறு எரியும்.

எங்களுக்குள் பெரிய சண்டை இங்கேதான் வந்தது. தம்பி சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா ஃபைவ் ஸ்டார் ஓட்டல் லாபில போடற மாதிரி இருக்கே? யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத பாட்டு." லோன் செக்‌ஷன்காரர் எழுந்து நின்றது இதற்குத்தான்.

தம்பி சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அது இன்றைக்கு ஓட்டல் லாபிகளில் ஓடத்தான் செய்கிறது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஆல்பம் கடைக்கு வந்தது 1959 ஆகஸ்ட் 17. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 ராத்திரி, நியூயார்க்கின் 'பேர்ட்லண்ட்' கிளப்பில் மைல்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் வெளியே வந்து, தெரிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்ஸி ஏற்றி அனுப்பிவிட்டு, வாசலில் நின்றார். ஒரு போலீஸ்காரர் வந்து, "நகரு" என்றார். இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்று, வாசல் போர்டில் விளக்குப் போட்டு எழுதியிருந்த தன் பெயரையே காட்டினார் மைல்ஸ். பேச்சு முற்றியது. பின்னாலிருந்து இன்னொரு போலீஸ்காரர் தலையில் அடித்தார். சட்டையெல்லாம் ரத்தம், தலையில் தையல், மேலே கைது வேறு. வழக்கு பிற்பாடு நிற்கவில்லை. அந்த ரத்தக் கறைக் கோட்டோடு அவர் நிற்கிற போட்டோ இருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டு 'ஸோ வாட்' போட்டுப் பாருங்கள். ஓட்டல் லாபி காணாமல் போய்விடும்.

அமைதியாக இருக்கிறவனுக்கெல்லாம் அமைதி சும்மா கிடைத்துவிட்டது என்று யார் சொன்னது? இதே அமெரிக்காவில் 2009 டிசம்பரில், இந்த ஆல்பத்துக்கு ஐம்பது வயது ஆனதைப் பாராட்டி, பிரதிநிதிகள் சபை 409-க்கு பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. மைல்ஸ் 1991-லேயே போய்விட்டார். இருந்திருந்தால் அந்தக் கரகரத்த குரலில் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

அடுத்த மாதம் டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்'. எல்லா உருப்படியும் புதுசு, தாளங்கள் எல்லாம் விபரீதம், அட்டையில் புரியாத ஓவியம் என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுத்தார்கள். விமர்சகர்கள் பலரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜனங்கள் வாங்கித் தள்ளினார்கள். 1961-ல் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம்.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு மூலையில் பங்குண்டு. 1958-ல் அமெரிக்க அரசாங்கம் ப்ரூபெக் குழுவை உலகச் சுற்றுப்பயணம் அனுப்பியது. துருக்கி, இந்தியா என்று போனவர்கள் மெட்ராஸுக்கும் வந்தார்கள். இங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து, அவர் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தும் பார்த்தார்கள். இதைச் சொன்னதுதான் தாமதம், எங்கள் மிருதங்க நண்பர் 'டேக் ஃபைவ்' உருப்படிக்கு பேட்டன்ட் உரிமை கேட்டுவிட்டார். "ஐந்து எண்ணிக்கைதானே? கண்ட சாபு! என்ன, நம்மகிட்ட தக தகிட, அவங்ககிட்ட தகிட தக. திருப்பிப் போட்டா தெரியாதா?" மனசுக்குள் எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோ ஐந்து எண்ணிக்கையில் வாசித்து விளையாடுவார்; அதற்காக சாக்ஸஃபோன்காரர் பால் டெஸ்மண்ட் எழுதியது அது. பயணத்தில் நேராகக் கிடைத்தது இன்னொரு உருப்படி, 'ப்ளூ ரோண்டோ'. இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கை. தக தக தக தகிட என்று மூன்று தடவை, நாலாவது தடவை தகிட தகிட தகிட. போட்டுக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டுங்கள். ஆபீஸ் பஸ்ஸில் வேண்டாம்.

டெஸ்மண்டுக்குத் தன் உருப்படி இத்தனை ஓடும் என்று நம்பிக்கையே இல்லை. 1977-ல் அவர் இறந்தபோது, அதன் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உயில் எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உலகத்தில் எந்தக் காப்பிக் கடையில் அது ஒலித்தாலும் ஒரு காசு அங்கே போகிறது. 25 டாலர் செக்கைப் படித்து எரிந்த வயிற்றுக்கு இது மோர்.

அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் யூஜின் ரைட், கறுப்பர். மற்ற மூவரும் வெள்ளையர். 1958-ல் வெளிநாடுகளில், "பாருங்கள், எங்கள் ஜனநாயகம்" என்று காட்ட அரசாங்கம் இவர்களை அனுப்பியது. இரண்டே வருஷம் கழித்து, 1960-ல், தென் மாநிலக் கல்லூரிகளில் 25 கச்சேரிக்கு ஏற்பாடு. பெரும்பாலான கல்லூரிகள் ஒரே நிபந்தனை போட்டன: பேஸுக்கு வெள்ளைக்காரரை மாற்றிக் கூட்டி வா. ப்ரூபெக் மாட்டேன் என்றார். கச்சேரிகள் ரத்து, பணம் நஷ்டம். 'டைம் அவுட்' ரொம்ப ஜாலியான ஆல்பம், அதில் கஷ்டப்பட்ட சுவடே இல்லை என்று குறை சொல்கிற ரசிகர்கள் உண்டு. ஜாலியாக வாசித்தவர் வரவுப் பத்தியை அடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார். ஒரு தராசிலே அதையும் வைக்க வேண்டாமா?

சுவடு வேண்டும், சூடு வேண்டும் என்பவர்களுக்குத்தான் சார்லஸ் மிங்கஸ். நாலு பேரில் நான் இவர் கட்சி. 'மிங்கஸ் ஆ அம்' என்று பெயர்; லத்தீன் இலக்கண வாய்ப்பாட்டைக் கேலி செய்கிற தலைப்பு. அதே தேவாலய ஸ்டூடியோ, 1959 மே 5, 12 தேதிகள். முதல் உருப்படியிலேயே ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டம் போலக் கையைத் தட்டிக் கூச்சல் போடுகிறார்கள். அடுத்தது, அந்த மார்ச்சில் இறந்துபோன சாக்ஸஃபோன் மேதை லெஸ்டர் யங்குக்கு அஞ்சலி. அவர் போடுகிற தொப்பியின் பெயரில், 'குட்பை போர்க் பை ஹாட்'. மெதுவான உருப்படி. லோன் செக்‌ஷன்காரர் அது முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. சரித்திரத்தில் முதல் தடவை.

அப்புறம் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. ஆர்வல் ஃபாபஸ், அர்கன்ஸா மாநில கவர்னர். 1957-ல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் வெள்ளைக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் நுழையாமல் தடுக்க ராணுவக் காவற்படையை வாசலில் நிறுத்தியவர். ஜனாதிபதி ஐசனோவர் வேறு ராணுவத்தை அனுப்பித்தான் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போக முடிந்தது. மிங்கஸ் அந்த கவர்னரைக் கோமாளியாக்கி ஒரு மெட்டு போட்டார். தள்ளாடித் தள்ளாடி, சர்க்கஸ் கோமாளி ராணுவ நடை நடக்கிற மாதிரி இருக்கும். அதற்கு வார்த்தைகளும் உண்டு. அவற்றைச் சேர்க்கக் கம்பெனி ஒப்பவில்லை என்பார்கள். 1960-ல் வேறு சின்ன கம்பெனியில் வார்த்தைகளோடு, கத்திக்கொண்டே, மறுபடி பதிவு செய்தார்.

எது உயர்த்தி? தம்பிக்கு வார்த்தை இருப்பதுதான். "பேர் சொல்லித் திட்டினாத்தான் அண்ணா திட்டு." எனக்கு வார்த்தை இல்லாததுதான். வாயைப் பொத்தின பிறகும் வாத்தியத்தால் திட்ட முடிகிறது, திட்டு வாங்குகிற ஆளுக்கும் புரிகிறது. மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வரும்போது நாம் கதவை மூடுகிற விதம் இருக்கிறதே, அந்த மாதிரி.

ஆர்னெட் கோல்மன் வந்த சனிக்கிழமை எங்கள் சங்கம் உடையாமல் தப்பியது அதிசயம். 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்', 1959 மே 22, ஹாலிவுட். பியானோ கிடையாது, பிடித்துக்கொள்ள கார்ட் வரிசையும் கிடையாது. கையில் பிளாஸ்டிக்கில் செய்த ஆல்ட்டோ சாக்ஸஃபோன். (கத்ரி கோபால்நாத் வாசித்த அதே ரகம்தான், அவருடையது உலோகம்.) லாஸ் ஏஞ்சல்ஸில் கடையில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து, ஆள் வராத நேரத்தில் சங்கீத சாஸ்திரப் புத்தகம் படித்த மனிதர். முன்னே ஒரு தடவை, வாசித்தது பிடிக்காமல், லூசியானா ஊர் ஒன்றில் அவரை அடித்து வாத்தியத்தையும் உடைத்துப் போட்டார்கள். 1959 நவம்பரில் நியூயார்க் 'ஃபைவ் ஸ்பாட்' கிளப்பில் அவர் வந்து இறங்கியதும் ஊரே இரண்டாகப் பிளந்தது. மேதை என்று ஒரு கோஷ்டி, வாசிக்கவே தெரியாது என்று ஒரு கோஷ்டி. கேட்கப் போனவர்களில் பெரிய பெரிய வித்வான்கள்.

எங்கள் மிருதங்க நண்பர், 'லோன்லி உமன்' பாதியில் எழுந்து காப்பி போடப் போய்விட்டார். கீழே டிரம்ஸும் பேஸும் குதிரை வேகத்தில் ஓட, மேலே இரண்டு பேர் ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்து ஊதுகிறார்கள். இரண்டும் சேரவே இல்லை என்பது அவர் புகார். சாவு வீட்டுக்கு வெளியே பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றேன். அவர் காப்பியை மட்டும் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. (2007-ல் கோல்மனுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைச் சொல்லியும் மசியவில்லை. "பரிசு கொடுத்தவங்க காப்பி குடிக்காதவங்க போல" என்றார்.)

ஐந்தாவது, ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் மைல்ஸ் பக்கத்தில் நின்று சாக்ஸஃபோன் ஊதியவர் இவரேதான். அங்கே கார்ட்களைக் குறைத்த வேலை ஏப்ரல் 22-ல் முடிந்தது. பன்னிரண்டே நாள் கழித்து, மே 4, 5 தேதிகளில், இதே மனிதர் நியூயார்க்கின் வேறு ஸ்டூடியோவில் கார்ட்களை மழையாகக் கொட்டுகிறார். (மே 5 என்றால் ஊரின் இன்னொரு பக்கம் மிங்கஸ் கவர்னரைத் திட்டத் தயாராகிக்கொண்டிருந்த தேதி. என்ன ஊரப்பா அது!) தலைப்பு உருப்படியில் பதினாறு பாருக்குள் 26 கார்ட். ஒரு சுற்று முடிய சுமார் 13, 14 விநாடிதான் ஆகிறது. நெரிசலான நேரத்தில் தாம்பரம் லைனில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறி இறங்கி, வேறு வேறு ரயிலைப் பிடிக்கிற மாதிரி. கோல்ட்ரேன் அதை மாதக்கணக்கில் சாதகம் பண்ணியிருக்கிறார்.

பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் பண்ணவில்லை. கார்ட்களை முன்கூட்டியே காட்டியிருந்தாராம் கோல்ட்ரேன். பார்த்த ஃப்ளானகன், இத்தனை கார்ட் இருக்கிறதே, நிதானமான உருப்படியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஸ்டூடியோவில் கோல்ட்ரேன் விரலைச் சொடுக்கிக் காட்டிய வேகத்தைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணிக்கு புது ஃபைலை மேஜையில் வாங்கினவர்களுக்குத் தெரியும். கோல்ட்ரேன் சுழன்று அடித்து முடித்ததும் பியானோ முறை வருகிறது. தைரியமாக ஆரம்பிக்கிறார். கொஞ்ச தூரத்தில் வாக்கியம் உடைகிறது. நடுவில் மௌனம். அப்புறம் தனித்தனி ஸ்வரம் விட்டுவிட்டு, வெறும் கார்ட்களை மட்டும் தொட்டுத் தொட்டுப் போகிறார். கோல்ட்ரேன் மறுபடி உள்ளே வந்து தாங்கிக்கொள்கிறார். ஃப்ளானகன் சாதாரண ஆளல்ல. அந்த ஊரிலேயே மிக நாசூக்கான விரல்களில் ஒன்று. அவர் தடுமாறியது அப்படியே அச்சாகி, ஜாஸ் கற்றுக்கொள்கிற மாணவர்கள் எல்லாம் அறுபது வருஷமாகச் சுட்டிக்காட்டுகிற இடம் ஆகிவிட்டது.

கோல்ட்ரேன் 1967-ல் நாற்பது வயதில் இறந்தார். 1982-ல் ஃப்ளானகன் அவர் நினைவாக ஓர் ஆல்பம் போட்டார். பெரும்பாலும் அந்தப் பழைய ஆல்பத்தின் உருப்படிகள்தான். தலைப்பும் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'தான். அந்த உருப்படியையும் வாசித்திருக்கிறார். இருபத்து மூன்று வருஷம் கழித்து, ஓர் இடத்தில்கூட இடறாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரி.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். "இப்ப சொல்லுங்க, எது பெரிசு?" என்றான் தம்பி. லோன் செக்‌ஷன்காரரும் மிருதங்க நண்பரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: 1959. முதல் தடவையாக இரண்டு பேர் ஒரே கருத்து. எனக்கு 1982. இருபத்து மூன்று வருஷம் ஒரு மனிதர் ஒரு 26 கார்டை மறக்காமல் இருந்தாரே என்று ஆரம்பித்தேன். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார்.